சிக்னலில் இறக்கிய கண்ணாடி

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பக்கக் கண்ணாடிகள் திறக்காதவை. இன்று கொட்டாஞ்சேனை கராஜில் அவற்றைக் கழற்றி, இறக்கி ஏற்றும் கண்ணாடிகள் போட்டேன்.

"ஏசி நல்லாத்தானே வேலை செய்யுது சேர், பிறகேன்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"காத்துக்கு" என்றேன். மனைவி போன பிறகு காருக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கிறது என்று எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை சிக்னலில் இரண்டு கண்ணாடியையும் இறக்கினேன். இடப்பக்கம் நின்ற ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வடிவான கார் அண்ணே! மெதுவாப் போங்கோ. வீட்டில பார்த்துக்கொண்டு இருப்பினம்."

"ஓம் தம்பி" என்றேன். பொய்தான்.

பச்சை விழுந்தது. அடுத்த சந்தியில் திருப்பி மறுபடி அங்கேயே வந்தேன். அவர் போயிருந்தார்.

நாளைக்கும் வெள்ளவத்தையில் இதே காலி வீதியால்தான் வருவேன். சிவப்பு விளக்கில் என்னைக் கண்டால் நீங்களும் ஏதாவது கதையுங்கோ.