இரவல் போன ஸ்பானர்

கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று நம்பிய மகா புத்திசாலி நான். காய்ச்சலில் என் இரண்டு வயது மகள் கண் செருகி வெட்டி இழுத்தபோது, அவசரத்துக்குச் சாவிக்கொத்து அகப்படவில்லை. ஃபிட்டர் வீட்டில் வேறென்ன கிடைக்கும்? ஸ்பானரை அவள் கையில் திணித்துத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியிலேயே வலிப்பு நின்றுவிட்டது. ஸ்பானரின் மகிமை என்றே நினைத்தேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பரட்டைத் தலை, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை. மடியில் கிடந்த பையனின் நெற்றியில் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தார், சூடான டீயை ஆற்றுவதுபோல.

"இன்னா நைனா, ஸ்பானரோட வந்துகீறே? கொயந்தய டைட் பண்ணவா?" என்றார்.

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"எம் புள்ளைக்கும் போன வாட்டி இப்டித்தான். ஜுரம் எறங்குனா சரியாப்பூடும். பயப்படாதே."

டாக்டரும் அதையேதான் சொன்னார். வைரஸ் காய்ச்சல், சூட்டில் வந்த வலிப்பு, வளர வளர நின்றுவிடும். எதற்கும் மாலைவரை இருக்கட்டும் என்றார்.

நான் வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவரின் பையனுக்கு வலிப்பு வந்து நிற்கவேயில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் என்னிடம் கை நீட்டினார்.

"அந்த ஸ்பானர இப்டி குடு நைனா."

திருப்பிக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தேன்.

மாலையில் என்னைத் தேடி வந்து, ஸ்பானரைச் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தார்.

"ஒம் பொண்ணு சிரிக்குதா?"

"சிரிக்குது."

தலையாட்டிவிட்டுப் போனார். அவர் பையனுக்கு வந்தது மூளைக்காய்ச்சல் என்று நர்ஸ் சொன்னாள். அவன் மத்தியானமே இறந்துவிட்டிருந்தான்.