படம் வராத பெட்டி

கூரத்தில் அண்ணன்மார் ஏர் பிடித்துக்கொண்டிருந்தபோது, வீராசாமி மட்டும் சைக்கிளில் காஞ்சிபுரத்துக்கு வந்து ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சந்து முனையில் கடை. ரேடியோவைப் பிரிக்கும்போது வாயில் பீடி புகைந்துகொண்டிருக்கும். எதிரே யாராவது உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

டி.வி. என்றால் அவன் வேறு ஆள். பீடியை வெளியிலேயே அணைத்துவிடுவான், பேச்சு நின்றுவிடும். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு வலது கையால் மட்டுமே தொடுவான். பிறகு மெட்ராஸில் டி.வி. தொழில் பழகும்போது, பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்ற தைரியத்தில் பிக்சர் டியூபின் மூடியை நெருடிவிட்டான். அது அவனைத் தூக்கிச் சுவரில் அடித்தது. கரண்ட் இல்லாத பெட்டிக்குள்ளும் கரண்ட் ஒளிந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை. ஊரில் டி.வி. வைத்திருந்த வீடுகள் கொஞ்சம்தான். மெட்ராஸிலிருந்து படம் வந்து சேர வேண்டுமென்று மொட்டைமாடிகளில் பனைமர உயரத்துக்கு இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். பட்டு வியாபாரி பரசுராமன் வீட்டிலும் அப்படி ஒரு கம்பம். அந்தத் தெருவில் இடி விழுந்த மறுநாளிலிருந்து அவர் பெட்டி எரியவில்லை. வீராசாமிக்கு ஆள் வந்தது.

வாசலிலேயே பரசுராமனின் மனைவி காந்தா பிடித்துக்கொண்டாள்.

"இடி வுழுந்ததிலேர்ந்து வீடே சரியில்லபா. நேத்து மாடியில காக்கா ஒண்ணு செத்துக் கெடந்துது. பக்கத்துல ஒரு காக்காகூட வந்து கத்தல."

"காக்கா சாவறதுக்கும் டி.வி.க்கும் இன்னாடி சம்மந்தம்?" என்றார் பரசுராமன். "நீ பாருபா. சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், உசுரே இல்ல."

வீராசாமி பிளக்கைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான். ஸ்டெபிலைசரின் முள் அசைந்தது. பெட்டி வரைக்கும் கரண்ட் வருகிறது. ஃபியூஸும் நன்றாகவே இருந்தது. பின்பக்க அட்டையைக் கழற்றினான். உள்ளே, பல்பு போலக் கனல வேண்டிய கண்ணாடி வால்வுகள் எல்லாமே இருண்டு கிடந்தன. வரிசையாகக் கோத்த வால்வுகளில் ஒன்று போனாலும் மொத்தமும் அணைந்துவிடும். டெஸ்டரைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தான். சிவப்பாக எரிந்தது.

அது அவனுக்குப் புதிதல்ல. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பிளக்கைத் திருப்பிக் குத்தினால் உள்சட்டத்தில் கரண்ட் ஏறும். வெளியே மரப்பெட்டி இருப்பதால் யாருக்கும் தெரியாது. பிளக்கை உருவிவிட்டு வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்தான். ஒன்று உள்ளே கறுத்திருந்தது.

"கடையில இருக்குது, எடுத்தாறேன். அதுவரிக்கும் யாரும் தொடாதீங்க மொதலியாரே."

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அம்சவேணி வந்தாள். பரசுராமனுக்குச் சாயம் தோய்க்கிறவள். இடுப்பில் ஒரு கூடை, அதில் சொட்டச் சொட்டப் பச்சைப் பட்டுநூல். மழை சற்று ஓய்ந்த நேரத்தில் மாடியில் உலர்த்தப் போகிறாள். மூங்கில் கழியில் இடம் போதாவிட்டால் கம்பத்தின் இழுப்புக் கம்பியிலும் தொங்கவிடுவது அவள் வழக்கம்.

"அண்ணே, மேல கம்பி கடிக்குதுண்ணே. முந்தாநேத்து விரலுல சுருக்குனு ஒண்ணு."

"துருப்புடிச்ச பிசிறு குத்தியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவன் பெடலை மிதித்தான்.

தெருமுனை தாண்டியதும் கால் தானாக நின்றுவிட்டது. கடிக்கிற கம்பி. செத்த காக்கா. சட்டத்தில் சிவப்பாக எரிந்த டெஸ்டர். அந்தச் சட்டத்திலிருந்துதான் ஆன்டெனா ஒயர் கிளம்பி மாடிக் கம்பத்துக்குப் போகிறது. கரண்ட் அதில் ஏறாமல் மறித்து நிற்பவை கடுகளவு கண்டென்சர்கள் இரண்டே இரண்டு. இடி வால்வைக் கருக்கியிருந்தால் அவற்றை மட்டும் விட்டுவைத்திருக்குமா?

பிளக்கை உருவிவிட்டுத்தான் வந்தோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மனம் ஆறவில்லை. சைக்கிளைத் திருப்பினான். எதிர்க்காற்று, தெருவெல்லாம் சேறு. பரசுராமன் வீட்டு மாடி தூரத்திலேயே தெரிந்தது. கம்பத்தருகே அம்சவேணி நின்றிருந்தாள், கம்பியைப் பிடித்தபடி. கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

செருப்போடு உள்ளே ஓடினான். பரசுராமன் பெட்டிக்கு முன்னால் குனிந்திருந்தார். வால்வைத் திரும்பச் செருகியிருந்தார். பிளக் சுவரில் இருந்தது. வீராசாமி அதை ஒயரோடு பிடுங்கி எறிந்தான். மாடியில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

அவர்கள் மேலே போனபோது அம்சவேணி ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தாள். பச்சைச் சாயம் தண்ணீரில் கலந்து அவளைச் சுற்றி ஓடியது. காந்தா அவள் தலையை மடியில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீராசாமி கையையும் காலையும் சூடுபறக்கத் தேய்த்தான். வெகுநேரம் போலத் தோன்றிய பிறகு ஒரு மூச்சு வந்தது, விக்கலைப் போல.

"புடுங்கிக் கழட்டிக்கினு இருந்தியே, சும்மா ஒரு தபா செருகிப் பாத்தேன்பா" என்றார் பரசுராமன். "செத்த பொட்டிதானேன்னு…"

"படம்தான் வரல மொதலியாரே. கரண்ட் சாவல."

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்சவேணி பிழைத்துக்கொண்டாள். வலது உள்ளங்கையில் கம்பி பதிந்த தழும்பு நின்றுவிட்டது, இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. பரசுராமன் அவளுக்கு உள்வேலை கொடுத்தார், கம்பத்தைப் பிடுங்கிப் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி வீராசாமியிடம் கெஞ்சினார். அவன் வாங்கவில்லை. அம்சவேணி அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. துருப்பிசிறு என்று தான் சொன்ன பதில்தான் அவன் காதில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு டி.வி. இருக்கிற வீடாகத் தேடிப் போய்க் கம்பத்தில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவன் பழக்கமாயிற்று. சிலர் காபி கொடுத்தார்கள். பலர், வேலை பிடிக்க வந்திருக்கிறான் என்று வாசலோடு அனுப்பினார்கள். வானம் இருட்டினால் கடையைப் பூட்டிவிட்டு, "பிளக்கைப் புடுங்குங்கோ" என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாகச் சைக்கிள் விடுவான். பிளக் வீராசாமி என்று பெயரே வந்துவிட்டது.

மறுவருஷ மழையில் ஒரு சாயங்காலம் ஐயம்பேட்டை வரை போய்விட்டான். அங்கே ஒரு புது வீடு, மாடியில் புதுக் கம்பம். இழுப்புக் கம்பியில் குழந்தைத் துணிகள் நனைந்து தொங்கின. கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி.யில் பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே மின்னியது. வீராசாமி கதவைத் தட்டினான். யாரும் வரவில்லை. மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது, யாரோ துணி எடுக்க ஏறுகிறார்கள். அவன் இரண்டு கையாலும் கதவை இடிக்க ஆரம்பித்தான்.