எனக்கு இல்லாத தங்கச்சியைப் பெண் பார்த்த கதை

போன வாரம் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தோம். ட்ரையல் ரூம் எங்கே என்று பச்சை சுடிதாரில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். பதில் இல்லை. என்ன திமிர்... கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கேட்டேன். பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்து, "அது பொம்மைங்க மேடம்" என்றாள்.

என் கணவர் வீடு வந்து சேரும் வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணிக்கடைப் பொம்மைகள் விஷயத்தில் நான் பழைய ஆள். ஒரு கோடை விடுமுறை முழுக்க ஒன்றோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதற்குக் கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்தது.

2007. நான் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குக் கடலூர் வந்ததும் மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல் கிளாஸில் சேர்ந்துவிட்டேன். கணக்குப் படிக்கிற பெண்ணுக்குத் தையல் எதற்கு என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கோ இன்டக்ரேஷனைவிட ஜாக்கெட் கை வெட்டுவதுதான் பெரிய கணக்காகத் தெரிந்தது.

அளவு வெட்டிப் பழக நியூஸ்பேப்பர்தான். அப்பா காலையில் பேப்பரைப் பிரித்தால் நடுவில் வளைவாக ஓர் ஓட்டை இருக்கும். "மந்திரி என்னா சொன்னாருன்னே தெரியல. அக்குள்ல போயிடுச்சி" என்பார்.

தைத்ததை யாருக்காவது மாட்டிப் பார்க்க வேண்டுமே? அம்மாதான் அதற்கு. அவளைச் சமையல்கட்டிலேயே நிற்க வைத்துக் குண்டூசி குத்துவேன். ஒரு நாள் ஊசி தோளில் ஆழமாக ஏறிவிட்டது. அம்மா கரண்டியை வைத்தாள். "இனிமே எம் மேல கை வச்ச, ஒன் மெஷினத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்."

அப்போதுதான் ஷமீமா போன் பண்ணினாள். ஹாஸ்டலில் என் ரூம்மேட். பரங்கிப்பேட்டைக்காரி. சிதம்பரம் கீழவீதியில் அவள் மாமா வேலை பார்க்கிற துணிக்கடையை இடித்து ஏ.சி. ஷோரூம் ஆக்குகிறார்களாம். பழைய பொம்மைகளைப் பின்னால் குப்பையில் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றால் இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் போனேன். ஷமீமாவும் கடைக்கு வந்திருந்தாள்.

பொம்மைக்குத் தலைமுடி இல்லை. மூக்கு நுனி உடைந்திருந்தது. ஆனால் தோளும் இடுப்பும் அவ்வளவு கச்சிதம். இடுப்பில் திருகினால் இரண்டாகப் பிரிந்தது. கைகளும் கழன்றன. எனக்கு மேல்பாதி போதும். ஷமீமாவின் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போம்மா. வெறும் காலு ரெண்டு இங்க கெடந்தா மொதலாளி பயந்துருவாரு" என்றார். கால்களையும் கைகளையும் ஒரு சாக்கில் கட்டினோம்.

கடலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட். ஜன்னலோரம் பொம்மையின் மேல்பாதி, நடுவில் நான், ஓரத்தில் ஷமீமா. சாக்கு, சீட்டுக்கு அடியில். மேல்பாதியை மட்டும் சீட்டில் வைத்தால் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற உயரம் சரியாக வந்தது.

ஷமீமாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மொட்டத் தலையோட எப்படிடீ கூட்டிட்டுப் போவ? பாக்குறவுங்க என்னா நெனப்பாங்க?" பையிலிருந்து தன் துப்பட்டாவை எடுத்துத் தலையோடு போர்த்தி, கழுத்தைச் சுற்றித் தோள் வரைக்கும் இறக்கிவிட்டாள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நல்ல மனசுதான் காரணம்.

கண்டக்டர் வந்தார். குனிந்து பார்த்தார்.

"இது லக்கேஜா, ஆளா?"

"லக்கேஜ்தாங்க."

"லக்கேஜுன்னா சீட்டுக்கு அடியில போவணும். சீட்டுல உக்காந்தா ஆளு."

"காலு அடியிலதாண்ணே இருக்குது" என்றாள் ஷமீமா.

அவர் சீட்டுக்கு அடியில் பார்த்தார். சாக்கின் வாயிலிருந்து ஐந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு, "பாதி ஆளு, பாதி லக்கேஜுக்கெல்லாம் எங்கிட்ட டிக்கெட் இல்லம்மா" என்று, முட்லூர் ஒன்று, கடலூர் இரண்டு என்று கிழித்துக் கொடுத்தார்.

பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற பி.முட்லூரில் ஷமீமா இறங்கினாள். அவள் இடத்தில் ஓர் அம்மா ஏறி உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயசிருக்கும். மடியில் முருங்கைக்காய்க் கட்டு, கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. பேர் தனபாக்கியம் என்று அவராகவே சொன்னார். வீடு கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். ஒரே பையன். கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பெண் தேடுகிறார்கள், அமையவில்லை. இவ்வளவும் புதுச்சத்திரம் வருவதற்குள்.

அப்புறம் என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சியா?"

"இல்லீங்க. பொம்மை."

பஸ் சத்தத்தில் அது அவருக்கு எப்படிக் கேட்டதோ... "பொம்மியா? நல்ல பேரு" என்றார். "ஏம்மா பொம்மி, படிக்கிறியா?"

பொம்மி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது பேசாதுங்க" என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது?

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொறந்ததுலேருந்தேவா? பாவம். எம் பையனும் ஜாஸ்தி பேச மாட்டான் கண்ணு. பேசித்தான் என்னா ஆவப்போவுது?" பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்தார். "இதக் குடு அதுக்கு."

"சாப்பிடாதுங்க."

"விரதமா?"

நான் சொன்னது எல்லாமே உண்மை. அது வெளியே எங்கேயும் போகாது என்றேன். அடக்கமான பெண் என்றார். அதற்கு உடுத்துகிற துணியில் ஆசை கிடையாது, நாம் எதைப் போட்டாலும் நிற்கும் என்றேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றார். யோசித்துப் பாருங்கள்... ஓர் உயிரில்லாத ஜடத்துக்கு என்னென்ன குணம் உண்டோ, அத்தனையும் மருமகளுக்கு வேண்டிய தகுதியாகவே அவருக்குப் பட்டது. அவர் ஒருவரைச் சொல்லி என்ன? பேப்பரில் மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துவிட்டு எனக்கே சில நாள் பொம்மி ஞாபகம்தான் வருகிறது.

வீடு எங்கே என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவைச் சொன்னேன். ஓ.டி.யில் எழுந்தவர், மல்லிகைப்பூவை என் கையில் வைத்து, "தங்கச்சிக்கு வச்சி வுடு" என்றார்.

விட்டால் சரிப்படாது என்று சத்தமாகவே சொன்னேன். "அம்மா, அது துணிக்கடை பொம்மைங்க."

எதிரில் வந்த லாரி அப்போது பார்த்தா ஹாரன் அடிக்க வேண்டும்? "துணிக்கடையில வேலையா? நல்லது நல்லது" என்று படியில் கால் வைத்தார். காலால் துழாவித் துழாவித்தான் இறங்கினார். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

பொம்மைக்குத்தான் முடி இல்லையே... பூவை அம்மா வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் உள் அறையில் பொம்மிக்கு ஒரு ஜாக்கெட் மாட்டி, ஒரு கை தைத்து முடித்து, இன்னொரு கைக்குப் பேப்பரைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். அம்மா பரபரப்பாக உள்ளே வந்தாள்.

"சீக்கிரம் பொடவ கட்டு. ஒன்னப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க."

"யாரும்மா?"

"தெரியல. தட்டுல பழம் வெத்தலயோட ஒக்காந்திருக்காங்க. பையன் நல்லாத்தான் இருக்கான். படிப்பு முடியட்டும்னு சொல்லிக்கலாம். வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்புறது?"

கல்யாணம் என்றால் தையலும் போச்சு, டிகிரியும் போச்சு. அழாத குறையாகக் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "எடுத்துக்குங்க" என்று குனிந்து நீட்டினேன்.

"இது இல்லீங்க" என்றார் வந்திருந்த அம்மா.

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தேன். தனபாக்கியம் அம்மா.

"இது அக்கா. பஸ்ஸுல பேசிக்கிட்டு வந்துச்சே, அந்தக் கொரலுதான். தங்கச்சியக் கூப்புடுங்க. பொம்மிய."

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க" என்றாள் அம்மா.

"தெரியுங்க. வாய் பேசலேன்னு மறைக்கிறீங்க. எங்களுக்கு அது ஒரு கொறையே இல்ல. எம் பையங்கிட்டயும் சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் — இளங்கோ என்று பேர் — தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். "பேசாட்டி என்னாங்க. மனசு நல்லா இருந்தாப் போதும்." அன்றைக்கு அவன் முதலில் பேசியது அதுதான்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளோ என்று நிஜமாகவே ஒரு சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. இருபது வருஷக் குடித்தனம்...

வேறு வழியில்லை. உள்ளே போய்ப் பொம்மையைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் நாற்காலியில் வைத்தேன். மொட்டைத் தலை. உடைந்த மூக்கு. ஒரு பக்கம் ரோஸ் கலர் கை, மறு பக்கம் பேப்பர் கை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். இளங்கோ பொம்மையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

தனபாக்கியம் அம்மா மட்டும் முன்னால் சாய்ந்து, "வாம்மா பொம்மி, நல்லா இருக்கியா?" என்றார்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மா... இது பொம்மைம்மா" என்றான் இளங்கோ.

"பொம்மிதான்டா. அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். பொம்மையின் கன்னத்தில் வைத்தான். அவர் தடவிப் பார்த்தார். மூக்கு நுனியில் விரல் நின்றது. கையைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒனக்குக் கண்ணு தெரியலயா?" என்றான் இளங்கோ.

அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எவ்ளோ நாளா? டிவிய ரேடியோ மாதிரி தலையக் குனிஞ்சி கேட்டுக்கிட்டு இருந்தியே, அதுக்குத்தானா? எஞ் சட்டைக்கு வேற கலர் நூல்ல பட்டன் தச்சது அதுக்குத்தானா?"

"நெழலா ஆளு தெரியும்டா" என்றார் மெதுவாக. "ஆபரேசன் பண்ணணும்னு போன வருசமே சொல்லிட்டாங்க. நீ நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சி வந்து தூங்குற. எனக்குன்னு லீவு போடுவியா? ஒனக்கு ஒரு பொண்ணப் பாத்து முடிச்சிட்டா, வீட்ல ஆள் இருக்கும், அப்புறம் பண்ணிக்கலாம்னு இருந்தேன். இருக்கிற கண்ணு போறதுக்குள்ள பாத்துடணும்னுதான் இப்படி அலையிறேன்."

தன் பெண்ணை "இது இல்லை" என்று சொன்ன கோபம் அம்மாவுக்கு முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் அவள்தான் முதலில் எழுந்தாள். தனபாக்கியம் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன காபி டம்ளரை அவர் கையில் சரியாகப் பிடிக்க வைத்தாள். "காபியக் குடிங்க. கண்ணு ஆபரேசன் இப்பல்லாம் ஒண்ணுமே இல்ல. எங்க அண்ணனுக்குப் பண்ணி மறுநாளே மார்க்கெட்டுக்குப் போனாரு. லீவெல்லாம் தம்பி போடுவாரு."

"நாளைக்கே போடுறேன்" என்றான் இளங்கோ. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மாவுக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. "கண்ணு தெரியாத நெலமையிலயும் எம் பொண்ண வேணாம்னு சொல்லிட்டாங்களே." அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் முடிந்து, கொஞ்ச நாள் விட்டு இன்னொரு கண். நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற வாரம் தனபாக்கியம் அம்மா தானாகவே பஸ் நம்பர் பார்த்து ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடி. பொம்மையைக் காட்டச் சொன்னார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூக்கே இல்ல. கண்ணு தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நீ இன்னும் கொஞ்சம் சதை போடணும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து மாம்பழக் கலரில் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடுத்தார். என் முதல் கஸ்டமர். வலது கை கொஞ்சம் டைட்டாகப் போய்விட்டது. அதையே போட்டுக்கொண்டுதான் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாராம்.

அடுத்த தை மாதம் திருவதிகை கோயிலில் இளங்கோவுக்குக் கல்யாணம். பண்ருட்டிப் பெண். மணமேடையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். மாலை கனக்கிறது, புகை கண்ணில் போகிறது, ஏன் உங்கள் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது... இளங்கோ காலரைச் சரி செய்துகொண்டான். நான் தனபாக்கியம் அம்மாவைப் பார்த்தேன். பேசாத பெண்ணே போதும் என்று எங்கள் வீடு தேடி வந்தவர் அவர்.

என் பார்வை புரிந்தது அவருக்கு. காதோடு சொன்னார்.

"நானும் எம் பையனும் ஒரு வீட்ல இருந்துகிட்டு ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் கேக்காம இருந்தோம் கண்ணு. இவளப் பொண்ணு பாக்கப் போனப்பவே, 'கண்ணாடி ஏன் போட்டிருக்கீங்க, எந்தக் கண்ணு, வலிச்சிதா'ன்னு கேட்டா. இவதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, கொஞ்சம் பேசாமல் இரும்மா என்று கையைக் காட்டினார்.

"ஏன், மந்திரத்துக்கு அர்த்தம் கேக்கக் கூடாதா சாமி?" என்றாள் மணப்பெண்.