ஏழு பேசின்களும் ஒரு கயிறும்

சசிரேகா வீட்டில் ஏழு பிளாஸ்டிக் பேசின்கள் இருக்கின்றன. ஏழும் முதல் பரிசு. தோட்டத்துக் குடும்ப தினத்தில் ஆண்களுக்குப் பந்து, ஓட்டம், கயிறு இழுப்பு, ஜெயித்தால் கோப்பை. பெண்களுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம், ஜெயித்தால் பேசின். இருபது வருடமாகத் தேயிலைச் சரிவில் மூட்டையோடு ஏறி இறங்குகிறவளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் எம்மாத்திரம்? ஏழு வருடம் வரிசையாக ஜெயித்தாள். எட்டாவது வருடம் பெயர் எழுத ஆள் வந்தபோது, "பேசின் வைக்க இடமில்ல. நான் கயிறு இழுக்கிறேன்" என்றாள்.

எழுத வந்தவன் நாகப்பன், தோட்டத்துப் பந்து கிளப்பின் செயலாளர். முப்பத்தைந்து வயதுதான், ஆனால் திடலை ஏதோ தன் கல்யாணத்துக்குச் சீராக வந்தது போலப் பார்த்துக்கொள்வான்.

"கை கொப்பளிச்சிடும்க்கா."

"பள்ளத்துலேர்ந்து கொழுந்து மூட்டைய கயிறு கட்டி இழுக்கிறப்ப கொப்பளிக்காத கை, உன் கயித்தப் பாத்துதான் கொப்பளிக்குமா தம்பி?"

எட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பழகத் திடல் வேண்டும். தினமும் சாயங்காலம் பந்து இருக்கிறது என்று நாகப்பன் கையை விரித்தான். சசிரேகா நேராகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனாள். பின்னாலேயே அவனும் ஓடினான். துரையின் மேசையில், தானா ராத்தா டவுனில் நடக்கப்போகும் கயிறு இழுப்புப் போட்டிக்கு அழைப்பு கிடந்தது. பெண்கள் பிரிவும் உண்டு. அதைப் பார்த்ததும் நாகப்பனுக்கு மூளை வேலை செய்தது.

"அங்க போயி ஒரே ஒரு இழுப்பு ஜெயிச்சிட்டு வரட்டும் துரை. செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் திடல் இவங்களுக்கு. நானே கோடு போட்டுக் குடுக்கிறேன். தோத்தா, திடல் பேச்சே எடுக்கக்கூடாது."

"சரிலா. துரை சாட்சி" என்றாள் சசிரேகா.

படித்தவர்கள் இதற்குச் சமத்துவம், உரிமை என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். வைத்துவிட்டு, அது சரியான பெயர்தானா என்று அவர்களே படுக்கையில் புரளுவார்கள். சசிரேகா நன்றாகத் தூங்கினாள். செவ்வாய், வியாழன், ஐந்து மணி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு மாதம், தொழிற்சாலைக்குப் பின்னால் செத்துக் கிடந்த லோரியில் கயிற்றைக் கட்டிப் பழகினார்கள். லோரி ஓர் அடிகூட நகரவில்லை. மூன்றாவது வாரம் அதன் முன் பம்பர் மட்டும் கையோடு வந்துவிட்டது. அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எட்டுப் பேரின் மொத்த எடை ஐந்நூறு கிலோவைத் தாண்டக்கூடாது என்பது போட்டி விதி. தோட்டத்தில் இருக்கும் ஒரே பெரிய தராசு கொழுந்து நிறுக்கும் தராசு. அதற்குக் காவல், எடைக் கணக்கு எழுதும் கிரகரி கிராணி. அன்று தூறல். வேலை முடிந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். முள் கிராணி பக்கம் திரும்பியிருக்கும்; அவர் சொல்வதுதான் கணக்கு.

"ஜெனட், அறுபத்தொண்ணு!"

ஜெனட் அவருடைய மனைவி. அவளுக்கு முகமெல்லாம் பல். "கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல இந்த மனுசன் வாயிலேர்ந்து இப்படி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லடி."

மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றேழு. அந்தச் சந்தோஷத்தில் எல்லாரும் ரொட்டி சானாய் தின்னப் போனார்கள்.

தானா ராத்தா மைதானத்தில் அதே எட்டுப் பேர், அதே பூட்ஸ். எப்படி நின்று இழுப்பார்களோ அப்படியே தராசில் ஏற வேண்டும் என்றார்கள். ஏறினார்கள். ஐந்நூற்றுப் பதின்மூன்று.

"ரொட்டி சானாய் பதினாறு கிலோவா?" என்றாள் உமாதேவி. வரிசையில் முதலில் நிற்கும் நெட்டைக்காரி அவள்.

துணைக்கு வந்திருந்த கிரகரியின் முகம் வெளுத்துவிட்டது. மழை நாளில் இலையில் நீர் இருக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். இருபத்திரண்டு வருடமாகக் கழித்த வாய். அன்றைக்கும் தூறல்.

"கழிச்சிட்டேன் போலிருக்கே" என்றார் மெல்ல.

"என்னையுமா?" என்றாள் ஜெனட்.

"எல்லா மூட்டைக்கும் ஒரே கணக்குதானே..." சொல்லி முடிப்பதற்குள் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

கூட்டத்தில் நாகப்பன் சிரிப்பது கேட்டது. "அக்கா, நம்ம வந்த லோரி வெளிய நிக்குது. ஏறிக்கலாமா?"

சசிரேகா தராசைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். "எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்கடி."

எட்டு ஜோடி பூட்ஸ், பதினாலு கிலோ. திரும்ப ஏறியபோது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. இனி வெறுங்கால்தான். ஈரப் புல் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. எதிரே கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துப் பெண்கள், கீழே முள் வைத்த காலணியோடு.

மூன்று இழுப்பு. முதலாவது, விசில் ஊதிய வேகத்திலேயே முடிந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் வெட்டி இழுத்து, எல்லாரும் குப்புற விழுந்தார்கள்.

"லோரியாவது நம்மள இழுக்கல" என்றாள் உமாதேவி, வாயிலிருந்து புல்லைத் துப்பியபடி.

சசிரேகா கடைசி ஆள். கயிறு அவள் முதுகைச் சுற்றி வரும். "போட்டின்னு நெனச்சு இழுத்தோம், அதான். பள்ளத்துல மூட்டை கெடக்கு. சாயங்காலம் ஆச்சு. இழுத்தாதான் வீடு. அப்படி நெனைங்க."

மூட்டை இழுக்கும்போது யாரும் வெட்டி இழுப்பதில்லை. வெட்டினால் கயிறு நழுவி மூட்டை உருண்டுவிடும். பிடித்து நிற்பார்கள். ஒருத்தி குரல் கொடுத்ததும் ஒரு சாண் எடுப்பார்கள். மறுபடி நிற்பார்கள்.

இரண்டாவது விசில். "நில்லு" என்றாள். நின்றார்கள். எதிர்ப் பக்கம் இழுத்தது, குதித்தது, கத்தியது. பதினாறு பாதங்களும் விரலை மண்ணுக்குள் மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. எதிரிகளின் மூச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியதும், "ஒரு சாண்" என்றாள். பிறகு நில்லு. பிறகு ஒரு சாண். கோலா தெர்லாக்காரர்களின் காலணி முள் புல்லை உழுதுகொண்டே வந்தது. கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி கோட்டைத் தாண்டியது.

மூன்றாவதில் தோற்றார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமே, கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் தோற்றவர்கள் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததைத் தானா ராத்தா பார்த்திருக்காது.

"போட்டியில தோத்தாச்சுல்ல?" என்று திரும்பி வரும் லோரியில் நாகப்பன் ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு இழுப்புன்னு யாருப்பா சொன்னது?" என்றார் கிரகரி. அன்று அவர் பெண்கள் பக்கம் பேசியாக வேண்டிய நிலையில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நாகப்பன் சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தான். பந்து கிளப் பையன்கள் ஓரத்தில் உட்கார்ந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்கள். சசிரேகா கயிற்றை நீட்டிப் போட்டாள்.

"லோரியோட இழுத்து அலுத்துப்போச்சு தம்பி. எட்டுப் பேரு அந்தப் பக்கம் பிடிங்க."

நாகப்பன் தயங்கினான். "எடை பாக்கணுமேக்கா?"

"கிராணி பாப்பாரு. இன்னிக்கும் தூறுது, உங்களுக்கும் ரெண்டு கிலோ கழிப்பாரு."

வேறு வழியில்லாமல் எழுந்து வந்தார்கள். பூட்ஸ் போட்ட எட்டுப் பேர், வெறுங்கால் எட்டுப் பேர். இழுக்கும் முன் சசிரேகா லயத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு நீலப் பேசினைக் கொண்டுவரச் சொல்லி, கோட்டருகே வைத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"பரிசு. ஒருவேளை நீங்க ஜெயிச்சிட்டா வெறுங்கையோட போகக்கூடாதுல்ல?"