ஏழடி நாலங்குல வண்டி

புஜைராவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிக்கு முப்பத்தாறு படிகள். மனைவிக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆன பிறகு மத்தியானச் சாப்பாட்டை மெஸ்ஸில் சொல்லிவிட்டோம். மகனும் மருமகளும் டியூட்டிக்குப் போய்விடுவார்கள்; சாப்பிடுவது நாங்கள் இருவர்தான். காலை பத்தரைக்கே மெஸ்காரர் கேரியரோடு ஏறி வருவார். படியில் காலடிச் சத்தம் கேட்கும். பதினெட்டாவது படி முடிந்ததும் நிற்கும். நான் இருபது எண்ணுவேன். மறுபடி தொடங்கும்.

இரண்டு வருடமாக இதை எண்ணியிருக்கிறேன். ஏன் நிற்கிறார் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

மெஸ்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். திருப்புவனம் பக்கத்து ஆள். முதலில் சவூதியில், ஜுபைலில் கம்பி கட்டும் வேலை பார்த்தார். அங்கே சாரத்திலிருந்து விழுந்து ஊருக்குப் போனவர், பிறகு இங்கே வந்து சமையலில் இறங்கி, கஃபீல் எனப்படும் அரபி ஸ்பான்ஸர் ஒருவர் பெயரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். விழுந்த கதையை அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். "எத்தனை அடி உயரம்?" என்று கேட்டேன். பன்னிரண்டு அடி என்றார். பன்னிரண்டு அடி என்பது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. எங்கே அடிபட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய பெரிய வாடிக்கை, மலைக்குள் இருக்கும் கிரஷர் கேம்ப். கல் உடைக்கிற இடம். நூற்றிருபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. அந்த ஒரு கேம்ப்தான் மெஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற வீடுகள் எல்லாம் ஊறுகாய் மாதிரி. இதுநாள்வரை ஒரு வாடகை வேன்காரர் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஒரேயடியாக ஊருக்குப் போகப் போகிறார் என்றதும், மெஸ்காரர் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கி, தானே ஓட்டுவது என்று முடிவு செய்தார்.

"நீங்க கூட வந்து பாத்துச் சொன்னாப் போதும் சார். நீங்க கம்பெனிக்கு எத்தனை வண்டி பாத்துக் குடுத்திருக்கீங்க."

முப்பத்தொரு வருடம் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவன் நான். ஓய்வுபெற்று, மகனின் விசாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனிடம் ஒருவர் வந்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும். அன்று மாலையே ஒரு தாளில் கோடு போட்டு அட்டவணை தயாரித்துவிட்டேன். சாமான் ஏற்றும் பின்பக்கம், அதாவது பாடி, எவ்வளவு நீளம் வேண்டும். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா. சாதாரண வண்டியா, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலா. மூன்றே கேள்விகள். மெஸ்ஸுக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். சாப்பாடு போகிற ஹாட் பாக்ஸ் ஒன்று இருபது அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். மொத்தம் பதினாலு பெட்டி. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மலைப்பாதையில் சாம்பார் கவிழும் என்பதால் அடுக்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவில் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். எங்களுக்கு ஒத்துவரும் சின்ன பிக்கப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று நீலம்; கியர் வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும், பாடி ஏழடி நாலங்குலம். இன்னொன்று வெள்ளை, ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல், இரட்டைக் கதவு. உட்காரும் இடம் பெரிது என்பதால் பாடி ஐந்தடிதான். நான் இரண்டுக்குள்ளும் ஏறி, சக்கர வளைவுகளுக்கு நடுவே குந்தி அளந்தேன். விற்கிற பட்டாணியர் இந்தியில், பெரியவர் கட்டில் போடப் போகிறாரா என்று கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

கணக்கு சுத்தமாக வந்தது. நீல வண்டியில் வரிசைக்கு இரண்டாக ஏழு வரிசை, பதினாலு பெட்டி. ஒரே நடை. வெள்ளை வண்டியில் பத்துப் பெட்டிதான், இரண்டு நடை. கியர் வண்டி என்றால் சனாயா தொழிற்பேட்டையில் எந்த ஒர்க்‌ஷாப்காரனும் பிரித்துப் பூட்டுவான். பழைய ஆட்டோமேட்டிக் படுத்துக்கொண்டால் எழுப்ப ஆள் தேட வேண்டும். மெஸ்ஸிலிருந்து கேம்ப் வரை முப்பத்தொரு கிலோமீட்டர். அதில் மண்பாதை கடைசி இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர். நூற்றுக்கு எட்டுப் பங்குகூட இல்லாத பாதைக்காக யாராவது ஃபோர் வீல் வாங்குவார்களா?

நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மெஸ்காரர் வெள்ளை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். இஞ்சினைப் போட்டு, வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று வந்தார். இடது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஓட்டியது நினைவிருக்கிறது. நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

"இது கொஞ்சம் சவுகரியமா இருக்கு சார்" என்றார்.

"சவுகரியம் உனக்கா, சாம்பாருக்கா?" என்றேன்.

அவர் சிரித்தார். இறங்கி வந்து நீல வண்டியின் கதவைத் தட்டிப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான் சார்" என்றார்.

அன்று மாலை இந்தச் சாம்பார் பதிலை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு எதுக்குச் சவுகரியம்னு சொன்னாராம்?" என்று கேட்டாள். எல்லோருக்கும் சொகுசில் ஆசை இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டு டிவியைப் போட்டேன்.

ஐந்து மாதம் வண்டி ஓடியது. எங்கே பார்த்தாலும் "வண்டி எப்படி?" என்று கேட்பேன். "தங்கமான வண்டி சார்" என்பார். படியில் பதினெட்டாவதில் நிற்கும் நேரம் இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குப் போயிருந்தது. அதையும் எண்ணினேன். வேலை கூடிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாடு வரவில்லை. பதினொன்றரைக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மெஸ்ஸின் சமையல் உதவியாளர் அழைத்து விஷயத்தைச் சொன்னார். அன்று கேம்ப்பில் சீக்கிரம் கேட்டதால் வீடுகளுக்கு முன்பே அங்கே போயிருக்கிறார். கேம்ப்புக்கு ஏறும் மேட்டில் எதிரே கல் லாரி வந்திருக்கிறது. மெஸ்காரர் ஒதுங்கி நின்றிருக்கிறார். மறுபடி எடுக்கும்போது பின்சக்கரம் சரளையில் சுற்றியிருக்கிறது, ஏறவில்லை. கிளட்சை விட்டு விட்டு மிதித்ததில் நாலாவது தடவை முழங்கால் பிடித்துக்கொண்டது. வண்டி தானாகப் பின்னால் உருண்டு, பாறையில் முட்டி நின்றது. மூன்று பெட்டி கவிழ்ந்தது. அவருக்கு வேறு காயம் இல்லை. ஆனால் இடது முழங்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஜுபைல்ல விழுந்தப்ப அடிபட்ட கால்தான் சார். பழசு" என்றார். என்னமோ நான்தான் படுத்துக் கிடப்பதுபோல ஆறுதலாகச் சொன்னார்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க அவ்வளவு கணக்குப் போட்டு, வண்டிக்குள்ள குந்தி அளந்துட்டிருக்கீங்க. இந்த வயசுல. நடுவுல போயி என் காலைப் பத்திப் பேசச் சொல்றீங்களா?"

ஆறு வாரம் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேம்ப் ஃபோர்மேன் அதற்குள் போன் செய்து, இன்னும் ஒரு நாள் சாப்பாடு தவறினால் கலாஸ், முடிந்தது, வேறு மெஸ்ஸுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். உதவியாளருக்கு லைசென்ஸ் இல்லை. ஒரே நாளில் வேன் எங்கே பிடிப்பது? என்னிடம் லைசென்ஸ் இருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

அறுபத்தெட்டு வயதில் உங்களுக்கு இது தேவையா என்று மகன் கேட்டான். மனைவி தண்ணீர்ப் பாட்டிலையும் என் பிரஷர் மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் பத்தேமுக்காலுக்கு மெஸ்ஸுக்குப் போனேன். உதவியாளர் பெட்டிகளை ஏற்றினார். எட்டு ஏற்றியதும் பின்கதவைச் சாத்திவிட்டார்.

"மிச்சம் ஆறு?" என்றேன்.

"அது ரெண்டாவது நடைக்கு சார். அங்க ரெண்டு பந்தியாத்தான் சாப்புடுவாங்க. பன்னெண்டு மணிக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு. வேன் ஓடுன காலத்துலேருந்தே அப்படித்தான்."

ஏழடி நாலங்குலப் பாடியில் எட்டுப் பெட்டிகள் முன்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. பின்னால் மூன்றடி காலி. எப்படியும் இரண்டு நடை. வெள்ளை வண்டியின் ஐந்தடிக்குள் எட்டும் உட்கார்ந்து, இரண்டுக்கு இடம் மிச்சம் இருந்திருக்கும். பெட்டியை அளந்தேன், வண்டியை அளந்தேன், பாதையை அளந்தேன். சாப்பிடுகிறவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முந்தின இரவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட மெஸ்காரர் வழி காட்டுவதற்காகப் பக்கத்து இருக்கையில் ஏறினார். வலது காலை முதலில் வைத்து, இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார். படியேறும்போதும் இப்படித்தான், வலது காலை வைத்து இடது காலைச் சேர்ப்பார். ஒரு சத்தம் அழுத்தமாக, ஒரு சத்தம் லேசாகக் கேட்கும். கேரியரின் கனம் என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை எடுத்ததும், என்னை அறியாமலே கிளட்ச் மிதிப்பதை எண்ணத் தொடங்கிவிட்டேன். ரவுண்டானாக்கள், சிக்னல்கள், லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற சாலை. பிறகு அந்த இரண்டு கிலோமீட்டர் நானூறு மீட்டர். மண்பாதையில் மட்டும் நாற்பத்தொன்று. மேட்டில் பாரமில்லாத பின்பக்கம் துள்ளி, சக்கரம் சுற்றி, எனக்கும் வண்டி நின்றுவிட்டது.

"ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்குங்க சார். பதறாதீங்க. கிளட்சை மெதுவா விடுங்க, அது பிடிக்கிறது காலுக்குத் தெரியும், அப்ப பிரேக்கை எறக்குங்க."

மூன்றாவது முயற்சியில் ஏறியது. கேம்ப் வாசலில் தட்டுகளோடு நின்றவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மெஸ்காரரிடம், "அண்ணே, மெஸ்ஸுக்குப் புது டிரைவரா? ரிட்டையர் ஆவுற வயசுல சேத்திருக்கீங்களே" என்றார். மெஸ்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. சார் யாரென்று அவரிடம் விளக்கத் தொடங்கினார். நான் பெட்டிகளை இறக்கப் போய்விட்டேன்.

கிளட்ச் மிதித்தது போகும்போது நூற்றுப் பதினெட்டு. திரும்பும்போது தொண்ணூற்றேழு. ஒரு நடைக்கு இருநூற்றுப் பதினைந்து. இரண்டு நடைக்கு நானூற்று முப்பது. மாதத்துக்கு இருபத்தாறு நாள், ஐந்து மாதம். ஐம்பத்தையாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை அந்தக் கால் மிதித்திருக்கிறது. நான் போட்ட அட்டவணையில் இதற்கு ஒரு வரி இல்லை. அந்த எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. இரவு என் இடது முழங்காலில் மனைவி தைலம் தேய்த்தாள். ஒரு நாள் ஓட்டியதற்கே.

இப்போது ஐந்தாவது வாரம். ஒரு நாள்கூடச் சாப்பாடு தவறவில்லை. அடுத்த வாரம் கட்டுப் பிரிப்பார்கள். பிரித்ததும் தானே ஓட்டுவதாக மெஸ்காரர் சொல்கிறார். வண்டியை மாற்றிவிடலாம் என்று நான் மூன்று முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும், தங்கமான வண்டி சார், கால்தான் கோளாறு என்கிறார். டாக்டரோ கியர் வண்டியே இனி வேண்டாம் என்கிறார்.

நேற்று இரண்டாவது நடை முடிந்து இறங்கும்போது, மண்பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தேன்.

"உனக்கு எந்த மாதிரி வண்டி வேணும்?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னாச் சரிதான் சார்."

"நான் சொல்லமாட்டேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஆறு போயின. ஏழாவது லாரியின் புழுதி அடங்கிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அந்த வெள்ளை வண்டி சார். அதுல இந்தக் காலுக்கு வேலையே இல்ல. மாதிரிக்கு ஒரு சுத்து சுத்துனேன்ல, அப்ப வலிக்கவே இல்ல. அதான் எறங்க மனசு வரல."

அந்த நாலு நிமிஷம்.

அது இந்நேரம் விற்றுப்போயிருக்கும் என்றேன். அதே மாதிரி வேறு கிடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். மூன்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க சார்" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னார்.

சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.