எஸ்பியர்க்கில் ஐந்து மர்ஃபிகள்

சனிக்கிழமை காலை அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து புறப்பட்டேன். நாட்டின் மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர்க் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். முன்கூட்டியே எடுத்ததால் பயணச்சீட்டு 199 குரோனர். பையில் ஒளிமானி, பருத்திக் கையுறை, பென்சில், மதியத்துக்கு இடியப்பம். கண்காட்சிகளுக்கு விளக்கு அமைப்பது என் தொழில். இந்த முறை அயர்லாந்து ஓவியர்கள் ஐவர். ஐவருக்கும் குடும்பப் பெயர் மர்ஃபி, ஆனால் ஒருவருக்கொருவர் உறவில்லை. அவர்கள் நாட்டில் அது அவ்வளவு பொதுவான பெயர். கண்காட்சி பிறந்ததே அதனால்தான்.

ரயில் கடலடிச் சுரங்கத்தில் இறங்கிப் பாலத்தில் ஏறியது. ஃபூன் தீவைத் தாண்டியதும் மழை.

நிலையத்தில் சிவம் அண்ணை வான் வண்டியுடன் நின்றார். மட்டக்களப்புக்காரர். படப் பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோனவரும் அவரே.

“தங்கச்சி, எல்லாப் பெட்டியிலயும் மர்ஃபி எண்டுதான் கிடக்கு. ஒரு வீட்டு ஆக்களோ?”

“இல்லை அண்ணை. ஆளுக்காள் சொந்தமே இல்லை.”

“அப்ப சண்டை வராது!”

வந்தது. அந்த மண்டபத்தில் குடும்பப் பெயரை மட்டும் பெரிதாகச் சுவரில் ஒட்டுவது வழக்கம். ஐந்து சுவர்களிலும் ‘மர்ஃபி’. நீர்வண்ண ஓவியர் உனா கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஊரில் இரண்டு தடவை என் படத்துக்கு வேறொரு மர்ஃபியின் பெயரைப் போட்டுவிட்டார்கள். இன்று நூலகத்துக்குப் படம் வாங்க ஆட்கள் வருகிறார்கள். இப்படியே இருந்தால் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன்.”

“புதிதாக அச்சடிக்க வழியில்லை, அச்சகத்தைப் பூட்டிவிட்டார்களே!” என்றார் மண்டபப் பொறுப்பாளர்.

எங்கள் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடலாம் என்றேன். தந்தையரின் பெயர்களைக் கேட்டோம். பற்றிக், பற்றிக், ஜோன், பற்றிக், ஜோன். உனாவே சிரித்துவிட்டார்.

பென்சிலை அவரிடம் நீட்டினேன். ‘மர்ஃபி’க்கு மேல், வெறும் சுவரில், தன் கையெழுத்தில் ‘உனா’ என்று எழுதினார். மெல்லிய கோடு, நான்கடி தள்ளி நின்றால் தெரியவில்லை. நீர்வண்ணம் அதிக வெளிச்சம் தாங்காது. அதனால் விளக்கைப் படத்தின் மேல் படாமல் பக்கவாட்டில் சாய்த்து, ஒளி எழுத்தை மட்டும் உரசும்படி திருப்பினேன். ஏணியைப் பிடித்திருந்த சிவம் அண்ணையை வாசலுக்கு அனுப்பினேன்.

“தெரியுதோ அண்ணை?”

“ஓம், இஞ்ச நிண்டே வாசிக்கலாம்.”

மற்ற நால்வரும் பென்சிலுக்கு வரிசையில் நின்றார்கள்.

கதவு திறந்தது. நூலகத்திலிருந்து வந்த இருவர் எல்லாச் சுவர்களையும் சுற்றிவிட்டு நீர்வண்ணத்திடம் திரும்பி வந்தார்கள். சுவரை வாசித்தார்கள்.

“உனா யார்?”

உனா கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு அவர்களிடம் நடந்தார்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் சிவம் அண்ணை கேட்டார்: “அந்தப் பிள்ளையின்ர படத்தை வாங்கிட்டினமோ?”

“ஓம் அண்ணை. அவவின்ர பேரிலதான்.”

ரயிலில் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிய குடும்பப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. எனக்கு அப்பாவின் பெயர், அப்பாவுக்கு அப்பப்பாவின் பெயர், அம்மாவுக்கு அம்மப்பாவின் பெயர். பொதி கொண்டுவருபவர் எங்களை மூன்று வாடகைக்காரர்கள் என்றே நினைத்திருந்தார். நாங்களும் கதவில் முதற்பெயர்களை எழுதிவிடலாம் என்று பையைத் திறந்தேன். பென்சில் இல்லை. எந்த மர்ஃபியிடம் இருக்கிறதோ!