போக ஐந்தரை மணி, வர இரண்டரை மணி

சார்ஜாவில் யாரிடம் தூரம் கேட்டாலும் கிலோமீட்டரில்தான் பதில் வரும். நத்தம் பக்கத்துக்காரனான எனக்கு அது இன்னும் பழகவில்லை. எங்களுக்குத் திண்டுக்கல் என்றால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இங்கே வந்து மூன்று வருடம் கழித்து, முதல்முறை ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். எங்கள் தச்சுப் பட்டறைக்கு வரும் ஓர் அரபிப் பெரியவர், "உன் ஊர் ரொம்பத் தூரமா?" என்று இந்தியில் கேட்டார். "போக ஐந்தரை மணி, திரும்பி வர இரண்டரை மணி" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை மேல் இவனுக்கு எவ்வளவு ஆசை பார், எப்படி ஓடி வருகிறான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிக்கெட்டில், விடியற்காலை மூன்றுக்குக் கிளம்பி எட்டரைக்குத் திருச்சி என்றிருந்தது. திரும்பும்போது ஒன்பதரைக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்கு சார்ஜா. கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். ஏன் இப்படி என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன். சிறுமலை பஸ் நினைவுக்கு வந்தது. ஏறும்போது முனகிக்கொண்டு ஊர்ந்து போகும். வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பறக்கும். அப்படியானால் நம் ஊர் மேட்டில் இருக்கிறது, சார்ஜா பள்ளத்தில் என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கக் கூச்சம்.

அந்தப் பயணம் தங்கச்சி மகளின் காதுகுத்துக்காக. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கச்சிக்கு நான் ஒருவன்தான் அண்ணன். பதினொன்றரைக்குள் முகூர்த்தம், இறங்கியதும் கார் பிடித்து வந்துவிடு என்று எழுதியிருந்தாள்.

திருச்சியில் இறங்கியபோது, சார்ஜாவில் வாங்கிய என் கைக்கடிகாரத்தில் மணி ஏழு. விமான டிரைவர் மேட்டைக்கூட வேகமாக ஏற்றிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். சுவர்க் கடிகாரம் எட்டரை காட்டியது. ஓடாத கடிகாரம் போல என்று விட்டுவிட்டேன். நேரம்தான் நிறைய இருக்கிறதே, கார் எதற்கு? நிதானமாக இட்லி சாப்பிட்டு, நின்று நின்று போகும் பஸ்ஸில் ஏறினேன்.

குலசாமி கோயிலுக்குள் நுழைந்தபோது என் கையில் மணி பதினொன்று. பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் எதிரே வந்தார்.

"என்ன மச்சான், பிளேன்ல வந்தீகளா, மாட்டு வண்டில வந்தீகளா?"

"மணி பதினொன்னுதான மாப்ள."

அவர் தன் கையை நீட்டினார். பன்னிரண்டரை. அப்போதுதான் விளங்கியது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. போகவும் நாலு மணி, வரவும் நாலு மணி. ஊருக்கு ஊர் கடிகாரம்தான் வேறு.

தங்கச்சி வந்தாள். "நேரம் போகுதுன்னு ஒரு காத மட்டும் அவ பெரியப்பா மடியில வச்சுக் குத்தியாச்சுண்ணே. இன்னொன்னத் தொட விடல. ஆசாரிய உக்கார வச்சிருக்கேன்."

"நல்ல நேரம் போயிருச்சேம்மா."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உன் கடிகாரத்துல இன்னும் போகலேல்ல. பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். நான் சார்ஜா போன பிறகு பிறந்தவள், என்னைப் பார்த்ததே இல்லை. ஒரு காதில் சிவப்புக் கல் மின்ன, பெரியப்பாவிடம் போக ஒரு கையை நீட்டித் திமிறினாள். ஆசாரி மறு காதைத் தொட்டதும் வீறிட்டு, இன்னொரு கையால் என் கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.